கூட வந்தவள்

மெழுகு உருகிவிடக் கூடாது, இப்போதைக்கு என் வேலை அது ஒன்றுதான், மற்றதெல்லாம் மதுரையில் இறங்கின பிறகு. டிபன் பாக்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், பாப்பாவோட டிபன் பாக்ஸ், மூடியில் மிதுனா என்று பேர் வெட்டியிருக்கும், உள்ளே அவளுடைய கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து சுற்றி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் என் பாதம். பாதம் என்றால் முழுப் பாதமா, ஒரு துண்டு. தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகை ஊற்றி உறைய வைத்திருக்கிறார்கள், மெழுகுக்கு நடுவில் உரித்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி கறுப்பாக அது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி குளோரி சிஸ்டர் கையில் கொடுத்தபோது கனமே இல்லை. "வெயில் படாமக் கொண்டு போ மாரீஸ்வரி. டிரைவர் பக்கத்துல இன்ஜின் மூடி மேல வச்சிராத. உருகி வீணாப்போச்சுன்னா பெறகு ஒண்ணும் பாக்க முடியாது" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இதற்கென்று தனியாக ஆள் அனுப்ப மாட்டார்கள், அவரவர் சதையை அவரவரே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஜாதகம் கொண்டுபோகிற மாதிரி என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, பொருத்தம் பார்த்துச் சொல்லுவார்கள், எனக்கும் இந்த உடம்புக்கும். மதுரை லேபில் இதைக் காகிதத்தை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். மார்க்கர் டெஸ்ட் என்று பேர். சாயம் எதில் பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்து, இது இருந்த இடத்திலேயே கிடக்கிற ரகமா, உடம்பெல்லாம் ஓடுகிற ரகமா என்று ஒரு கணக்குச் சொல்லுவார்களாம். எனக்கு அது புரியாமல் இல்லை, நான் மில்லில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். பஞ்சுப் பொதியில் ஒரு சாக்குத் துணுக்கு, விரல் நகம் அளவுக்குத்தான், கண்ணில் படாமல் போய்விட்டால் மிஷின் அதை இழு இழு என்று இழுத்து, ஆயிரம் மீட்டர் நூலுக்குள் ஒளித்து வைத்துவிடும், வெள்ளை நூலாக இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது, எங்கேயோ ஒரு ஊரில் துணியாகிச் சாயத்தில் முக்கும்போதுதான் சாயம் பிடிக்காத கோடு கோடாக எழுந்து நிற்கும், பெறகு துணியை என்ன செய்ய முடியும். அந்த சாக்குத் துணுக்கைப் பொறுக்கத்தான் எங்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். தப்பிவிட்டது.

காரியாபட்டியில் ஒரு அம்மா பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், தலை கொள்ளாத மல்லிகைப்பூ, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் போல, உட்கார்ந்ததும் என் மடியைப் பார்த்து "பிள்ளைக்குச் சோறா?" என்றார்கள். "ஆமா" என்றேன். "பிள்ளை எங்க?" "அங்க இருக்கா." "அப்ப சோறு வெயிலுக்கு ஊசிப் போயிருமே தாயி, என்ன சோறு?" புளிச்சோறு, தாங்கும் என்று சொன்னேன், அந்த அம்மா மூக்கை ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்துவிட்டு "பெருங்காயம் பத்தல" என்றார்கள், எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து, சிரிக்கும்போது கால் அதிர்ந்து, தையல் போட்ட இடத்தில் சுருக்கென்றது. அவர்கள் குனிந்து பார்த்தார்கள். இடது காலில் துணிக்கட்டு, அதற்கு மேல் என் வீட்டுக்காரரோட பெரிய செருப்பு. "கால்ல என்ன?" "ஆணி." வாய் பழகிவிட்டது. எல்லாருக்கும் ஆணிதான், அத்தைக்கு ஆணி, மில்லுக்கு ஆணி, சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் நிற்கிற என் வீட்டுக்காரருக்கும் போனில் ஆணி, "ஆணியத்தான் எடுத்தாச்சுல்ல, பெறகென்ன" என்று பின்னால் மிஷின் சத்தத்தோடு அவர் கத்தினார், நானும் பெறகென்ன என்றேன். முதலில் அது மச்சம். சின்ன வயசிலேயே உள்ளங்காலில் மிளகு மாதிரி இருந்தது, பெண் பார்க்க வந்தபோது அத்தை கொலுசு அளவு பார்க்கிற சாக்கில் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளங்கால்ல மச்சம் கெடக்கு, ஊர் ஊராப் போவா, எம் மகனும் ஊர் ஊராப் போறவன், ஜோடி சரி" என்று அங்கேயே வெற்றிலையை மாற்றிவிட்டார்கள். நான் எங்கே ஊர் ஊராகப் போனேன். மில்லில் இரண்டு மிஷினுக்கு நடுவில் போய்ப் போய் வருவேன், எட்டு மணி நேரத்தில் மதுரைக்கே நடந்திருக்கலாம் என்று அடுத்த மிஷினில் நிற்கிற பஞ்சவர்ணம் அக்கா சொல்லும். பாப்பா பிறந்த பிறகு மச்சம் அகலமாகி, ஓரம் கோணலாகி, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்மண் நிறம். நடக்கிறவளுக்கு ஆணி வராமலா என்று எல்லாரும் சொன்னோம், நான்தான் முதலில் சொன்னேன். ஆணி பிளாஸ்டர் ஒட்டினேன். பஞ்சவர்ணம் அக்கா எருக்கம்பால் கொண்டுவந்து ஒன்பது நாள் சொட்டு விட்டது. பெறகு புது பிளேடு வாங்கி, வெந்நீரில் காலை ஊறவைத்து, நானே சீவினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வலிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம், இவ்வளவு ரத்தம் வருகிறது, வலியைக் காணோமே என்று பாப்பாவிடம் காட்டிச் சிரித்தேன், அவள் விரலால் தொட்டுப் பார்த்து "அம்மா, கால்ல மை கொட்டியிருக்கு" என்றாள். மை. இப்போது லேபில் சீவுகிறதைத்தான் நான் அப்போதே பிளேடால் சீவினேன், அவர்கள் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், நான் சீவிச் சாக்கடையில் கழுவிவிட்டேன். சீவும்போது மேலே இருந்தது உள்ளே போயிருக்குமா. எருக்கம்பால் அதை விரட்டியிருக்குமா. யாரிடம் கேட்பது, யாரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஏன் சொல்ல மாட்டார்கள் என்றால் நான் நோயாளி. மச்சத்தை வெட்டி எடுத்து ரிப்போர்ட் வந்த அன்றைக்கு எங்கள் ஊர் டாக்டர் அதை மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திருப்பி வெறும் பக்கத்தையும் பார்த்தார், "கூட யாரும் வரலையாம்மா?" என்றார். வரலை சார். "வீட்டுக்காரர்?" சத்தீஸ்கர்ல போர் போடுறாரு. "பெரியவங்க?" எங்கிட்டயே சொல்லுங்க சார் என்றேன், நன்றாகச் சிரித்த முகமாகத்தான் கேட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "ஒண்ணும் இல்லம்மா. ஒரு சின்ன டெஸ்ட். அடுத்த தடவை யாரையாச்சும் கூட்டிட்டு வா." ஒண்ணும் இல்லை என்றால் அதைக் கேட்க எதற்கு இரண்டு பேர். எனக்கு இந்தப் பேச்சு தெரியும், நானே பேசியிருக்கிறேன். அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்தபோது கூடப் போனவள் நான், கல்யாணத்துக்கு முந்தின வருஷம். டாக்டர் அப்பாவைப் பார்த்து "நீங்க கொஞ்சம் வெளிய காத்தாட இருங்கய்யா" என்றார், அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார், கதவைச் சாத்தினதும் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார், எத்தனை மாசம், எப்படி இருக்கும், கடைசியில் தண்ணீர் இறங்காது என்பது வரைக்கும். பத்தொன்பது வயசுப் பிள்ளையிடம் சொன்னார், அறுபது வயசு மனுஷனிடம் சொல்லவில்லை. நான் வராந்தாவில் முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்து, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு போய் "ஒண்ணும் இல்லப்பா, வெறும் புண்ணுதான், மருந்து குடுத்திருக்காங்க" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "சரி தாயி. இங்க டீ எங்க நல்லாருக்கும்னு கேளு" என்றார். அவ்வளவுதான். டீ குடித்தோம், பன் நனைத்துச் சாப்பிட்டார், எனக்கும் பாதி பிய்த்துக் கொடுத்தார். அவரை நம்ப வைத்துவிட்டேன் என்று எனக்கு அத்தனை நிம்மதி. மில்லில் கூட சொல்லியிருக்கிறேன், எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, நான் அப்படி நடிச்சேன் என்று. கெட்டிக்காரி என்று எல்லாரும் சொன்னார்கள்.

வலையங்குளம் தாண்டிவிட்டது. பூக்கார அம்மா தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார்கள், வெயில் ஜன்னல் பக்கமிருந்து மெதுவாக நகர்ந்து மடிக்கு வருகிறது, டிபன் பாக்ஸை வயிற்றோடு சேர்த்து முந்தானையால் மூடினேன். இப்படித்தான் பாப்பாவை மூடிக் கொண்டுபோவேன், தடுப்பூசி போட. தொடை இடுக்கில் நெறி கட்டினது உறுத்துகிறது, இடது பக்கம், கால் புண்ணுக்கு நெறி கட்டத்தான் செய்யும், எல்லாருக்கும் தெரியும், ஓடும் பிள்ளைகளுக்கெல்லாம் கட்டும், இரண்டு நாளில் கரையும். இது இரண்டு மாசமாகக் கரையவில்லை. அமுக்கினால் வலிக்கவும் இல்லை. வலிக்காததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாசம் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், இரட்டைச் சடைக்கு முடி இன்னும் எட்டவில்லை, அத்தைக்குச் சடை பின்ன வராது, இழுத்து இழுத்து அழ வைத்துவிடும், அவருக்கு அதுவும் வராது, போர் வண்டியில் குழாய் முடுக்குகிற கை. யார் பின்னுவார்கள். இதை ஏன் இப்போது நினைக்கிறேன், சடைக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம், ஆனால் நினைப்பு அங்கேயே போய் மாட்டிக்கொள்கிறது, சிக்கு விழுந்த இடத்தில் சீப்பு நிற்கிற மாதிரி, அமுக்கி இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது. எனக்குத் தெரிய வேண்டும். எத்தனை நாள் என்று தெரிந்தால் அதற்குத் தக்கன வேலையைப் பிரித்து வைக்கலாம், அத்தைக்குச் சடை சொல்லித்தரலாம், அவரை வரச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். தெரியாமல் என்ன செய்ய. நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள், கூட வந்தவருக்குச் சொல்லுவார்கள். சரி, அப்படியென்றால் நான் என் கூட வந்தவள். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். மாரீஸ்வரி என் அக்கா. நடக்க முடியாமல் வீட்டில் படுத்திருக்கிறாள். நான் தங்கச்சி, பேர் பஞ்சவர்ணம். பொய் சொல்லப் போகிறோம் என்றதும் மனசு லேசாகிவிட்டது, வேறு யாருக்கோ கடைக்குப் போகிறவள் மாதிரி விறுவிறு என்று நடந்தேன், நொண்டாமல் நடக்கப் பார்த்தேன்.

லேப் மாடியில், சின்ன இடம், குளிர்ச்சியாக இருந்தது, மெழுகு பிழைத்தது என்று முதல் நிம்மதி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒருவர், சட்டையில் செல்வின் என்று பேர், டிபன் பாக்ஸைத் திறந்ததைப் பார்த்து "ஈரத்துணியெல்லாமா சுத்திக் கொண்டு வர்றீங்க, மீன் கொழம்பு கொண்டு வர்ற மாதிரி" என்றார். உருகிடக் கூடாதுன்னு சார். "இந்த வெயிலுக்கு உருகாது, வண்டி இன்ஜின் மேல வச்சாத்தான் ஆபத்து" என்று சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பெறகு மூடியைப் பார்த்தார். "மிதுனா யாரு? பேஷண்ட் மாரீஸ்வரின்னு போட்டிருக்கு." அக்கா மக சார் என்றேன். அக்கா மகள். வாயில் இருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது, மூடியைப் பேர் தெரியாமல் கவிழ்த்து வைத்தேன். "நீங்க?" தங்கச்சி. பஞ்சவர்ணம். அவர் ரிப்போர்ட்டைப் படித்தார், படிக்கப் படிக்க உதடு ஒரு பக்கமாகப் போயிற்று. "எத்தனை நாளா வச்சிருந்தாங்க?" ஒண்ணரை வருஷம் இருக்கும், ஆணின்னு நெனச்சோம். "எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அறுத்தாங்களா?" பிளேடு வச்சு. "மருந்து ஏதும் ஊத்தினாங்களா?" எருக்கம்பால். அவர் அதட்டவில்லை, அதட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அறுத்ததால இது வர்றதில்ல. ஆனா நாள் போயிருச்சு" என்றார். "நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும். நீங்க கூடப் பிறந்தவங்க, அதனால சொல்றேன், அவங்ககிட்ட இப்பச் சொல்லிறாதீங்க. நாலு மில்லிமீட்டருக்கு மேல ஆழம் போயிருக்கு. மேல தோலும் உடைஞ்சிருக்கு. ரெண்டும் நல்லதில்ல. நாங்க இப்ப மூணு சாயம் ஏத்துவோம். ரெண்டு, இது அதுதானான்னு உறுதி பண்ண. மூணாவது, எவ்வளவு வேகமாப் பெருகுதுன்னு பாக்க. பெருகிக்கிட்டு இருக்கிறதெல்லாம் பழுப்பாத் தெரியும், நூத்துக்கு எத்தனைன்னு எண்ணுவோம். நெறைய பழுப்பு இருந்தா ஓடுற ரகம்." அதையும் வச்சு நிச்சயமாச் சொல்ல முடியுமா சார். "நிச்சயமால்லாம் இல்ல, ஒரு குத்துமதிப்புதான். மழை வரும்னு சொல்ற மாதிரி." பெறகு சாதாரணமாக, பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டார். "அக்காவுக்குத் தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா?" நான் டிபன் பாக்ஸை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை, திருப்பி வைத்து அமுக்கினேன். தெரியலையே சார், புண்ணு இருந்தா கட்டும்ல. "புண்ணாலயும் கட்டும். ஆனா வலி இல்லாமக் கெட்டியா ரொம்ப நாளா இருந்தா டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க. அது அநேகமாக் கெளம்பிருச்சுன்னு அர்த்தம்." கிளம்பிவிட்டது. ஊர் ஊராகப் போகும் என்று அத்தை சொன்னது என்னையில்லை.

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும், போன் நம்பர் சொல்லுங்க என்றார். நான் சொன்னேன். நூல் அறுந்தால் கை தானாக முடிச்சுப் போடுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது, பத்து எண்ணும். அவர் பாதி எழுதிவிட்டு நிறுத்தி, ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இது பேஷண்ட் நம்பர்ல. இங்கயே இருக்கு. உங்க நம்பரச் சொல்லுங்க." என் நம்பர். என்னிடம் வேறு நம்பர் இல்லை, ஒரு போன்தான், ஒரு ஆள்தான். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம், ஒன்பதில் ஆரம்பித்து எதையாவது, ஆனால் அப்படிச் சொன்னால் ரிப்போர்ட் வேறு யார் வீட்டுக்கோ போய்விடுமே, எனக்கு அது தெரிய வேண்டுமே, அதற்குத்தானே வந்தேன். கட்டுப் போட்ட காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் மேஜைக்கு மேலே எட்டிக் குனிந்து பார்த்தார், துணிக்கட்டை, பெரிய செருப்பை. கண்ணாடியைக் கழற்றினார், அது கயிற்றில் விழுந்து சட்டைப் பித்தானில் தட்டியது. எழுந்து சுற்றி வந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே இழுத்துப் போட்டு "உக்காருங்கம்மா" என்றார். குரல் வேறாக இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என்னிடம் பேசின மனுஷரைக் காணோம், வராந்தாவில் முகம் கழுவிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். சார், தங்கச்சிகிட்டப் பேசின மாதிரியே பேசுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார். "ஒண்ணும் இருக்காதும்மா. நான் சும்மா பொதுவாச் சொன்னேன். இப்பல்லாம் நல்ல நல்ல மருந்து வந்திருச்சு. தைரியமா இருங்க." சொல்லிவிட்டு ஈறு தெரியச் சிரித்தார். நல்ல மனுஷர்தான். சிரிப்பு நிற்காமல் இருக்க அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பது கன்னத்தில் தெரிந்தது, இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியும், அறுபது வயசு மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கும். அன்றைக்கு அப்பா பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத்தான் கொடுத்தார். டிபன் பாக்ஸ் வெறும் பாக்ஸாக மடியில் இருந்தது, கைக்குட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்தேன், இன்னும் ஈரம் காயவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி சார்" என்றேன். "இங்க டீ எங்க நல்லாருக்கும்?" அவர் முகம் அப்படியே லேசாகிவிட்டது, நம்பிவிட்டேன் என்று நினைத்துவிட்டார், ஜன்னல் பக்கம் வேகமாகப் போய், கீழே தெருமுனையில் ஒரு கடையைக் கையை நீட்டிக் காட்டினார்.